எனாமலும் பொடிக் கலரும்

தேனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாக டீக்கடை போட்ட ஒருவர், ‘இங்கு சுடச்சுட டீ கிடைக்கும்’ என்று போர்டு எழுத ஆள் கூப்பிட்டிருந்தார். வந்த மனிதர் பிரஷ்ஷை எடுக்கவில்லை. ஒரு டீ சொன்னார். நிதானமாகக் குடித்து முடித்தார்.

“சுடச்சுடன்னா ரெண்டு சுட இருக்கணும்ல? இதுல ஒண்ணுதான இருக்கு” என்றார்.

கடைக்காரருக்கு வந்ததே கோபம்! பாய்லரை உறுமவிட்டு இன்னொரு டீ போட்டு நீட்டினார். அதில் வாய் வைத்தவர் நாக்கை வெளியே நீட்டிக் கையால் விசிறிக்கொண்டார். “ஆங்! இப்ப எழுதலாம்” என்று ஏணியில் ஏறிவிட்டார். போடி பஸ்ஸுக்காக அங்கே நின்றிருந்த நான் சிரித்த சிரிப்பில் பஸ்ஸைத் தவறவிட்டேன். இந்த ஆள் என் பிழைப்பில் வந்து நிற்கப்போகிறார் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் போடமாட்டேன். எத்தனையோ போர்டு எழுதியும் மூலையில் தன் பெயரை அவர் ஒருநாளும் போட்டதில்லை, நான் மட்டும் ஏன் போடவேண்டும்? ஊரில் எல்லோரும் எனாமல்காரர் என்பார்கள். ஒல்லி. காதில் ஒரு பிரஷ். இடது கை விரல்களில் எந்நேரமும் நான்கு நிறம். யார் என்ன எழுதச் சொன்னாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்: “நெசமா?”

லாரிக்காரர்கள் ‘கடவுள் துணை’ எழுதச் சொன்னால் மட்டும் கேட்கமாட்டார். அது ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “அது லாரிக்காரருக்கும் சாமிக்கும் உள்ள பேச்சு தாயி. நடுவுல நாம போயி சாட்சி கேக்க முடியுமா?” என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. தேனிக்கும் போடிக்கும் நடுவில் இருந்த ஒரு நூற்பாலையில் நான் டைப்பிஸ்ட். என் வீட்டுக்காரர் வண்டிப்பெரியாறு பக்கம் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் மலையிறங்கி வருவார். மாமியார் கம்பத்தில் மூத்த மகன் வீட்டில் இருந்தார். என் மகள் மல்லிகாவுக்கு எட்டு மாதம். அவளை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருவது? எங்கள் ஆலையில் நூல் சுற்றும் பெண்கள் என்ன செய்தார்களோ அதையே நானும் செய்தேன். ஆலை கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் ஒரு வேப்பமரம். அதில் சேலையில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு உள்ளே போவோம். அங்கே ஒன்பது தொட்டில்கள். ஒன்று என் மகளுடையது. மரத்தடியில் கடலை விற்கும் கிழவி ஒரு கண் வைத்துக்கொள்வாள். இடைவேளைக்கு இடைவேளை ஓடிவந்து பால் கொடுப்போம்.

புரட்டாசியில் ஒருநாள் பஞ்சு லாரி ஒன்று பின்னால் வந்து மரத்தில் இடித்தது. ஒன்பது தொட்டிலும் ஆடிய ஆட்டம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. விஷயம் மலைக்குப் போய், என் வீட்டுக்காரர் விழுந்தடித்து இறங்கி வந்தார். “தீவாளி வரைக்கும் பாரு. அதுக்குள்ள புள்ளைக்கு ஒரு எடம் கெடைச்சா சரி. இல்லாட்டி வேலைய எழுதிக் குடுத்துட்டு எங்கூட கிளம்பு” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த வேலை வேண்டும். நான் படித்த படிப்பு, என் டைப்ரைட்டர், என் சம்பளம். விடமாட்டேன் என்று மனசுக்குள் கத்திக்கொண்டே, சரி என்று தலையாட்டினேன்.

அந்த நேரம் பார்த்துச் சின்ன முதலாளி பம்பாயில் நிர்வாகப் படிப்பை முடித்துவிட்டு வந்து இறங்கினார். கையில் இங்கிலீஷில் அடித்த ஒரு தாள். ஒரு கம்பெனி எதை மதிக்கிறது என்று ஐந்து வரி. தரம், நேர்மை, பாதுகாப்பு, மக்கள், கடைசியாக என்றும் நிலைத்திருப்பது. அதைத் தமிழில் பெரிதாக, கேட்டுக்கு உள்ளே எதிரே தெரியும் காம்பவுண்டுச் சுவரில் எழுதவேண்டும், ஆயுத பூஜைக்குப் பெரிய முதலாளி வந்து பார்க்கவேண்டும் என்று உத்தரவு. மேனேஜர் தாளை என் மேஜையில் போட்டார்.

தலைப்பை நான் ‘எங்கள் மதிப்புகள்’ என்று எழுதினேன். சுவரில் பென்சிலால் அதை வரைந்த அன்றைக்கே பருத்தி விளைவித்துக் கொண்டுவந்த சம்சாரிகள் கூடிவிட்டார்கள். “மதிப்புப் போட்டாச்சா? குவிண்டாலுக்கு என்ன மதிப்பு?” என்று ஒரே இரைச்சல். சுவரில் விலை எழுதப் போகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். எனாமல்காரர் ஏணியில் இருந்தபடியே என்னைப் பார்த்தார்.

“இதுல என்னதான் தாயி எழுதப் போறீக?”

“கம்பெனி எப்படி நடந்துக்கிடும்னு ஊருக்குச் சொல்றது அண்ணே.”

“அப்ப ‘எங்கள் சொல்’லுன்னு போட்டுருவோமா?”

சரி என்றேன். அந்த ஒரு வார்த்தையில் விவகாரம் எங்கே போய் நிற்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. சொல் என்று எழுதிவிட்டால் அவர் சும்மா விடுவாரா?

‘தரமே எங்கள் உயிர்.’ நேரே உள்ளே போய் ஒரு முழ நூலை வாங்கி இரண்டு கையிலும் சுற்றி இழுத்தார். விரல்தான் அறுபட்டது, நூல் அறவில்லை. ரத்தம் வந்த விரலைச் சூப்பிக்கொண்டு, “இது நெசம்” என்றார்.

‘எடையில் நேர்மை.’ தராசில் தானே ஏறி நின்றார். சைக்கிளை மிதித்துத் தேனிக்குப் போய் ஓர் அரிசி ஆலையிலும் ஏறி நின்று பார்த்துவிட்டு வந்தார். இரண்டும் ஒன்று. “இதுவும் நெசம்.”

‘பாதுகாப்பே முதல்.’ கேட்டருகே தொங்கிய தீயணைப்பு வாளிகளை எட்டிப் பார்த்தார். மணல் இருக்கவேண்டிய இடத்தில் பீடித் துண்டும் வெற்றிலை எச்சிலும். ‘பாதுகாப்பே’ என்பதை மட்டும் எழுதி நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார். மறுநாள் காலையில் ஆறு வாளியிலும் மணல்! மேனேஜரே நின்று நிரப்பச் சொன்னாராம். எனாமல்காரர் பார்த்துவிட்டு ‘முதல்’ என்பதையும் எழுதினார். எங்களுக்கெல்லாம் சிரிப்பும் ஆச்சரியமும் தாங்கவில்லை.

நான்காவது வரிக்கு வந்தார். இங்குதான் என் திருட்டுத்தனம் இருந்தது. எங்கள் மக்கள் மேல் அக்கறை என்று பொருள்படும் இங்கிலீஷ் வரியை நான், ‘தொழிலாளர் மக்கள் எங்கள் மக்கள்’ என்று எழுதியிருந்தேன். மேனேஜர் வாசித்துவிட்டு, தொழிலாளர்களாகிய மக்கள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நான் நினைத்து எழுதியது வேறு.

எனாமல்காரர் வேப்பமரத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மக்கள்னா புள்ளைகதான தாயி?”

“அப்படியும் சொல்லலாம் அண்ணே.”

“அப்ப அங்கன தொங்குறதுல எது சின்ன முதலாளி புள்ள?”

எனக்கு முகமெல்லாம் சுருங்கிவிட்டது. அப்படியே மரத்தடிக்குப் போய் மல்லிகாவைத் தூக்கிக்கொண்டு நின்றேன். சாயங்காலம் பார்த்தால் நான்காவது வரி நீலத்தில் பளிச்சென்று இருந்தது. எழுதிவிட்டாரே! பொய்யை எழுதமாட்டார் என்றார்களே, இவரும் சாதாரண ஆள்தானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. குழந்தையின் எச்சில் பட்ட என் விரல் தற்செயலாக அந்த எழுத்தில் உரசியது. விரலெல்லாம் நீலம்.

“அண்ணே! இது கரையுது!”

“கரையத்தான் செய்யும். தண்ணியில கலக்குன பொடிக் கலருல்ல?” என்றார், பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே. “நெசத்துக்கு எனாமல். மத்ததுக்குப் பொடி. பெரியகுளம் ரோட்டுல தையல்காரர் ஒருத்தர் ‘குறித்த நேரத்தில் தைத்துத் தரப்படும்’னு எழுதச் சொன்னாக. தீவாளிக்கு முந்தின நாள் அவுக கடை வாசல்ல நிக்குற கூட்டம் எனக்குத் தெரியாதா? மொத மழைக்கு ‘குறித்த நேரத்தில்’ மட்டும் போயிருச்சு. மிச்சம் நிக்குது. தைச்சுத் தர்றது நெசந்தான?”

“அப்ப இது பொய்யின்னு சொல்றீகளா?”

“யாரு எழுதுனா?”

“நாந்தான்.” அப்புறம் அடக்க முடியாமல் லாரி இடித்தது, தீபாவளிக் கெடு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் மல்லிகாவின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். “அப்ப இது பொய்யில்ல தாயி. ஆசை. ஆசைக்கும் பொடிதான். மழைக்குள்ள நெசமாக்கிப்புட்டா நான் எனாமல் ஏத்திர்றேன்” என்றார்.

மழைக்குள்ளே! மேற்கே மலை மேல் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

கடைசி வரி ‘என்றும் நிலைத்திருப்போம்.’ அதைப் பென்சிலில் மட்டும் வரைந்து விட்டுவிட்டார். மேனேஜர் துள்ளினார்.

“ஏன்யா இதுக்குப் பெயின்ட் அடிக்கல?”

“என்னைக்கும்னா எத்தன நாளு சார்?”

“என்றும்னா என்றும்தான்யா!”

“அப்ப நாளைக்கு ஒரு நாள் பாத்துட்டு எழுதுறேன்.”

வேறு ஆளைப் பிடித்து எழுதிக்கொள்ளவும் வழியில்லை. பூஜை சமயத்தில் பெயின்டர்கள் எல்லோரும் லாரியிலும் பஸ்ஸிலும் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆயுத பூஜை அன்றைக்குப் பெரிய முதலாளி வந்தார். எழுபது வயது, கதர் வேட்டி. மிஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து முடித்துச் சுவரண்டை வந்து நின்றார். பின்னால் மகனும் மேனேஜரும். சுற்றிலும் மொத்த ஆலையும். அந்தக் காலத்து மனிதர் இல்லையா, எதையும் வாய்விட்டுத்தான் வாசிப்பார்.

“எங்கள்... சொல். பலே! தரமே... எங்கள் உயிர்.” ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டல். நான்காவது வரிக்கு வந்தார். “தொழிலாளர் மக்கள்... எங்கள் மக்கள்! அடடே, புள்ளைகளப் பத்தியா எழுதியிருக்கீக? ரொம்ப சந்தோசம்! எங்க, புள்ளைகளக் கூட்டிட்டு வாங்க. மிட்டாய் குடுப்போம்.”

ஒருத்தரும் அசையவில்லை. நூல் சுற்றும் பேச்சியம்மாள் மட்டும் முன்னால் வந்தாள். அவளுக்கு வாய்த்துடுக்கு அதிகம்.

“கூட்டிட்டு வர வேணாம் ஐயா. அந்தா, வெளிய தொங்குதுக” என்று கேட்டுக்கு அப்பால் கையைக் காட்டினாள்.

பெரிய முதலாளி திரும்பிப் பார்க்கவும், படாரென்று ஓர் இடி. பொத்துக்கொண்டு ஊற்றியது மழை! யாரும் யாரையும் கேட்கவில்லை. பெண்கள் எல்லோரும் வேப்பமரத்துக்கு ஓடினோம். நானும் ஓடினேன். ஆபீஸ் செருப்பு ஒன்று சேற்றில் போயே போய்விட்டது. நனைந்த பிள்ளைகளை மாரோடு அணைத்துக்கொண்டு திரும்ப உள்ளே ஓடிவந்து அவர் முன்னால் நின்றோம். ஒன்பதும் வீல் வீலென்று அழுதன. சுவரில் மூன்று வரி அப்படியே இருக்க, நான்காவது வரி மட்டும் நீலநீலமாக வழிந்தது.

“என்னய்யா இது, எழுத்து ஒழுகுது?” என்றார் பெரிய முதலாளி.

“அது இன்னும் நெசமாகலங்க ஐயா” என்றார் எனாமல்காரர், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு. “நெசமாகாததுக்கு நான் எனாமல் போடுறதில்ல.”

சின்ன முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் கொடுத்த தாளில் குழந்தைகளைப் பற்றி எதுவும் இல்லையே! யார் எழுதினது இதை?”

தீர்ந்தது என் கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“எழுதுனது நாந்தாங்க” என்றார் எனாமல்காரர்.

அதில் பொய் ஓர் எழுத்துகூட இல்லை பாருங்கள்! சுவரில் எழுதியது அவர்தானே?

பெரிய முதலாளி மகனைக் கையமர்த்தினார். நனைந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “நான் வாயால வாசிச்சுட்டேன்டா. இத்தன பேரு கேட்டிருக்காக. இனிமே அது நான் சொன்ன சொல்லு” என்றார். கேட்டை ஒட்டியிருந்த கழிவுப் பஞ்சுக் கொட்டகையைக் காலி செய்து, வெள்ளையடித்து, தொட்டில் கட்ட உத்தரம் போட உத்தரவாகியது. பேச்சியம்மாள் குலவை போட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கொட்டகை தயாராகப் பதினெட்டு நாள் ஆனது. அத்தனை நாளும் சுவரில் நான்காவது வரி இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. பெண்கள் ஷிஃப்டுக்கு வரும்போதெல்லாம் அந்த வெற்றிடத்தின் முன் நின்று, “தொழிலாளர் மக்கள் எங்கள் மக்கள்” என்று ராகம் போட்டு வாசித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். மேனேஜர் கொத்தனாரை விரட்டிக்கொண்டே இருந்தார்.

கொட்டகை திறந்த அன்று காலை மல்லிகாவோடு வாசலுக்குப் போனேன். மேனேஜர் குறுக்கே நின்றார்.

“இது தொழிலாளர் குழந்தைகளுக்கு. நீங்க ஸ்டாஃப் ஆச்சே?”

‘தொழிலாளர்’ என்று எழுதியதே நான்தான்! பேப்பரில் என் கையால் என் மகளை வெளியே தள்ளியிருக்கிறேன். திரும்பினேன். எட்டுத் தொட்டில் உள்ளே போய்விட்ட வேப்பமரத்தில் ஒன்றே ஒன்றைக் கட்டினேன். கெடுவுக்கு இரண்டு நாள். என் வீட்டுக்காரர் மறுநாள் மலையிறங்குவதாகக் கடிதம் வந்திருந்தது.

மத்தியானம் எனாமல்காரர் வந்தார். பச்சை எனாமல் டப்பாவைச் சுவரடியில் வைத்துவிட்டு நேரே கொட்டகைக்குள் போனார். தரையில் உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். உத்தரத்தைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆயாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். வெளியே வந்து டப்பாவைத் திறந்தவர், மரத்தைப் பார்த்துவிட்டார்.

“அது யாரு புள்ள தாயி?”

“எம்மகதான் அண்ணே.”

“உள்ள எடமில்லையா?”

“எடமிருக்கு. நான் தொழிலாளர் இல்லையாம், ஸ்டாஃபாம்.”

அவர் டப்பாவை மூடினார். மூடியைச் சுற்றிச் சுற்றித் தட்டி அமுக்கினார். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது இடைவேளைச் சங்கு ஊதிப் பெண்கள் வெளியே வந்தார்கள். பேச்சியம்மாள் எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு விஷயம் கேட்டாள்.

“அடி ஆத்தி! மழையில எங்ககூட சேந்து ஓடுனப்ப நீ ஸ்டாஃபுன்னு ஒரு மனுசன் சொன்னானா? தள்ளு!” தொட்டிலை அவிழ்த்தாள். பிள்ளையும் சேலையுமாகத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனாள். பின்னாலேயே மற்ற பெண்கள். வாசலில் இருந்த ஆயா ஒதுங்கி வழிவிட்டாள்.

எனாமல்காரரும் உள்ளே போய்ப் பார்த்தார். முடிச்சைக்கூட இழுத்துப் பார்த்திருப்பார். திரும்பி வந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீங்க இங்கன வேலைதான பாக்குறீக?”

“ஆமாண்ணே.”

“நெசமா?”

“காலையில எட்டுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் விரலு தேயத் தட்டுறேன் அண்ணே!”

டப்பா திறந்தது. சாயங்காலம் மேனேஜர் வந்து பார்த்தபோது சுவரில் பச்சையில், பஸ்ஸில் போகிறவனும் கேட் வழியாக வாசிக்கும்படி குண்டு குண்டாக நின்றது: ‘இங்கு வேலை பார்ப்போர் மக்கள் எங்கள் மக்கள்.’

“என்னய்யா, வார்த்தை மாறியிருக்கு? அழி அதை!”

“எனாமல் சார். சுரண்டுனா சுவருதான் வரும்.” பிரஷ்ஷைத் துடைத்தபடி சொன்னார். “நாளைக்குப் பெரிய முதலாளி தீவாளி இனிப்புக் குடுக்க வாறாகளாமே? திரும்ப வாசிப்பாக.”

மேனேஜர் சுவரைப் பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். கடைசியில் பென்சில் வரியைக் காட்டி, “அதையாவது எழுதித் தொலையேன்” என்றார்.

“நாளைக்கு ஒரு நாள் பாத்துட்டு எழுதுறேன் சார்.”

நான் அங்கே வேலை பார்த்த அத்தனை வருடமும் அவர் அந்த வழியாகச் சைக்கிளில் போகும்போதெல்லாம் மேனேஜர் கேட்பார், அவரும் அதே பதிலைச் சொல்வார். கொட்டகை வாசலையும் தீ வாளியையும் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

மறுநாள் காலை, சங்கு ஊதுவதற்கு முன்பே மல்லிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரண்டை போய் நின்றேன். விடிகாலை முதல் பஸ்ஸிலேயே மலையிறங்கி வந்திருந்த என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். விரலை நாக்கில் தொட்டு நனைத்து, ‘மக்கள்’ என்ற எழுத்தின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தேன். இன்னும் ஒருதரம் தேய்த்தேன். விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினேன்.

“என்னடி, விரல்ல ஒண்ணும் இல்லையே?” என்றார்.

“ஆமா, ஒண்ணுமே இல்ல!” என்று கத்திவிட்டு, பிள்ளையைத் தொட்டிலில் போட உள்ளே ஓடினேன்.